பதூகாவில் வீடு பார்க்கிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தின் மேற்குக் கோடியில், டென்னசி ஆறு ஒஹாயோ ஆற்றோடு சேரும் இடத்தில் இருக்கிறது பதூகா. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 27,137 பேர் வாழும் சிற்றூர். இங்குள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளுக்கும் படகு நிறுவனங்களின் அலுவலகங்களுக்கும் வேலை கிடைத்து வருகிற தமிழ்க் குடும்பங்கள், வீடு பார்க்கத் தொடங்கியதும் என்னைக் கூப்பிடுகிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். பல ஆண்டுகளாக இந்த ஊரில் முதலில் வாடகைக்கும் பிறகு சொந்த வீட்டிலும் இருந்து தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஊர் எப்படி அமைந்திருக்கிறது? எந்தப் பக்கம் பார்ப்பது?

ஆற்றங்கரையில் முதல் தெரு. அங்கிருந்து மேற்கே போகப் போகத் தெரு எண் கூடிக்கொண்டே போகும். பிராட்வே, ஜெஃபர்சன், கென்டக்கி அவென்யூ ஆகிய மூன்றும் ஆற்றிலிருந்து நேராக உள்ளே போகும் பெரிய தெருக்கள். வட அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்த லூயிஸ்-கிளார்க் பயணத்தின் வில்லியம் கிளார்க்தான் 1827இல் இந்த ஊருக்குத் தெரு போட்டு மனை பிரித்தவர். அந்தக் கட்டம் இன்றும் மாறவில்லை.

கரையோரம் கடைவீதி. 1905இல் கட்டிய மார்க்கெட் ஹவுஸ் அங்கேதான் இருக்கிறது. கடைகளின் மாடிகளைக் குடியிருப்பாக மாற்றியிருக்கிறார்கள். அதை ஒட்டி லோயர் டவுன். இன்னும் மேற்கே ஃபவுன்டன் அவென்யூ. அதையும் தாண்டினால் மரநிழல் விழும் வெஸ்ட் எண்ட். ஐ-24 நெடுஞ்சாலைப் பக்கம் 1982இல் திறந்த கென்டக்கி ஓக்ஸ் மாலும் அதைச் சுற்றிப் புதுக் குடியிருப்புகளும். ஊருக்கு வெளியே லோன் ஓக், ரீட்லாண்ட், ஹீத் என்று கவுண்டிப் பகுதிகள் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). லோன் ஓக் முன்பு தனி ஊராட்சியாக இருந்தது, 2008இல் கலைக்கப்பட்டது.

புதிதாக வருகிறவர்களை வீட்டு முகவர் நேராக மால் பக்கம் கூட்டிப் போவார். அது வசதியான இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த ஊரின் அழகெல்லாம் ஆற்றுக்கும் முப்பதாவது தெருவுக்கும் இடையில்தான் இருக்கிறது.

லோயர் டவுன் என்றால் பள்ளமான இடமா?

இல்லை. எல்லோரும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு ஓடும் திசையை வைத்து வைத்த பெயர் அது. நீரோட்டத்தில் கீழ்ப்பக்கம் இருப்பது லோயர் டவுன், மேல்பக்கம் இருப்பது அப்பர் டவுன். மேடா பள்ளமா என்பதைப் பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

வெள்ளம் வருமா?

வந்த கதையைத் தெரிந்துகொண்டால்தான் இதற்குப் பதில் புரியும். 1937 ஜனவரியில் விடாமல் மழை. ஆற்றில் பனிக்கட்டிப் பாளங்கள். பிப்ரவரி 2ஆம் தேதி ஒஹாயோ 60.8 அடி வரை ஏறியது. அதுவரை ஊரைக் காத்த மண்கரை நிற்கவில்லை. சுமார் 27,000 பேர் வீட்டை விட்டு மேட்டுப் பகுதிகளுக்கும் அக்கம்பக்கத்துக் கவுண்டிகளுக்கும் போய், மூன்று வாரம் போல அங்கேயே தங்கினார்கள். இன்றைய மக்கள்தொகை அளவுக்கு ஒரு கூட்டம் வெளியேறியது என்று வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் புரியும்.

அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர் படை கான்கிரீட் சுவரும் மண்ணணையுமாகச் சேர்த்துச் சுமார் 12 மைல் நீளத்துக்கு ஊரைச் சுற்றி எழுப்பியது. 1937இன் உச்சத்துக்கு மேல் இன்னும் மூன்றடி தாங்கும்படி கணக்கிட்டுக் கட்டியது. 1944இல் டென்னசி ஆற்றில் சுமார் 22 மைல் மேலே கென்டக்கி அணை முடிந்தது. 1966இல் கம்பர்லேண்ட் ஆற்றில் பார்க்லி அணையும் வந்தது. 2011 மே மாதம் ஒஹாயோ 55 அடி ஏறியபோது, 1937க்கு அடுத்த பெரிய வெள்ளம் அதுதான், சுவர் ஊரைக் காத்தது.

கடைவீதியில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கலாம். உட்பக்கம் முழுக்க ஊரின் வரலாற்றை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். ராபர்ட் டாஃபர்ட் 1996இல் தொடங்கிய வேலை. ஆற்றுக்கு இறங்கும் வழிகளில் மட்டும் சுவரில் இடைவெளி இருக்கும். தண்ணீர் ஏறுகிறது என்றதும் நகராட்சி ஆட்கள் அந்த இடைவெளிகளை அடைத்துவிடுவார்கள். முதல் முறை அப்படி அடைப்பதைப் பார்த்தபோது, இத்தனை நாள் நான் நடந்த நடைபாதை ஆற்றின் மட்டத்துக்குக் கீழே வரப்போகிறது என்பது உறைத்தது. அன்று மாலை வீட்டுக்குப் போய்க் காப்பீட்டுத் தாளைத் தேடி எடுத்தேன்.

அப்படியானால் சுவருக்குள்ளே இருக்கும் வீட்டுக்கு வெள்ளக் காப்பீடு வேண்டாமே?

வேண்டும். சுவர் ஆற்றைத்தான் தடுக்கும், வானத்தைத் தடுக்காது. ஆறு உயர்ந்திருக்கும் நேரத்தில் ஊருக்குள் பெய்த மழைநீர் தானாக வெளியேற வழி இல்லை. பம்பு வைத்துத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ள வேண்டும். ஒரே மூச்சில் கொட்டும் மழையில் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். பக்கத்து கிரேவ்ஸ் கவுண்டியில் 2023 ஜூலையில் ஒரே நாளில் 11 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. அதற்கும் ஆற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குத் தனியாக எடுக்க வேண்டும். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் எடுத்தால், பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது நடைமுறைக்கு வரும். மேகம் கறுத்த பிறகு ஓடிப் பயனில்லை. வீடு வாங்கும்போதே கேளுங்கள்.

ஒரு டாலருக்கு வீடு கொடுத்தார்களாமே? இப்போதும் கிடைக்குமா?

கொடுத்தார்கள். இப்போது கிடைக்காது. ஆனால் அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த ஊர் வீடுகளைப் பற்றிப் பேச முடியாது.

லோயர் டவுன் இந்த ஊரின் மிகப் பழைய குடியிருப்பு. அங்கு நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு வியாபாரிகள் கட்டியவை. அந்தப் போரில் 1864 மார்ச்சில் இந்த ஊரில் நடந்த சண்டைக்குப் பிறகு, இங்கிருந்த கோட்டையைச் சுற்றியிருந்த வீடுகள் எதிரிக்கு மறைவிடமாகிவிடும் என்று, கோட்டையைக் காத்த யூனியன் (வட மாநிலங்களின்) படைத்தலைவரே பல வீடுகளைக் கொளுத்திவிட்டார். பிறகு எழுந்தவைதான் இப்போது நாம் பார்க்கும் தூண் வைத்த தாழ்வாரங்களும் கோபுரம் வைத்த மாடிகளும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் வசதியுள்ளவர்கள் மேற்கே நகர்ந்ததும் மாளிகைகளைத் துண்டு துண்டாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். கூரை ஒழுகியது, ஜன்னலுக்குப் பலகை அடித்தார்கள், கடைசியில் இடிப்பது மட்டுமே மிச்சம் என்கிற நிலை.

லோயர் டவுனில் குடியிருந்த ஓவியர் மார்க் பரோன் என்பவர் நகராட்சியிடம் போய் நின்றார். நகரத் திட்ட அதிகாரி டாம் பார்னெட் கை கொடுத்தார். 2000இல் கலைஞர் குடியேற்றத் திட்டம் தொடங்கியது. நாட்டில் எங்கிருந்தாவது ஓவியரோ குயவரோ நெசவாளரோ வந்து ஒரு பாழடைந்த வீட்டை எடுத்துச் சரி செய்து குடியிருக்கத் தயார் என்றால், வீட்டை மிகக் குறைந்த விலைக்கு, சிலவற்றை ஒரு டாலருக்கே கொடுத்தார்கள். சிக்கல் வங்கியில் வந்தது. பத்தாயிரம் மதிப்புள்ள பாழ்வீட்டைச் சரி செய்ய லட்சம் ஆகும் என்றால் எந்த வங்கி கடன் தரும்? உள்ளூர் பதூகா வங்கி தந்தது. வீட்டின் அன்றைய மதிப்பைவிட அதிகமாகவே கடன் கொடுத்தது. ஒரே வீட்டில் குடியிருக்கவும், பட்டறை வைக்கவும், கீழே கடை போட்டு விற்கவும் நகராட்சி அனுமதித்தது. 70க்கும் மேற்பட்ட கலைஞர்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் எல்லோரும் நிலைத்துவிடவில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பலர் கடையை மூடினார்கள், சிலர் ஊரை விட்டே போனார்கள். ஆனால் வீடுகள் நின்றுவிட்டன. கலைக் கல்லூரி அங்கே வந்தது. 2013இல் யுனெஸ்கோ இந்த ஊரைக் கைவினை, நாட்டார்கலை நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. மாலையில் அந்தத் தெருக்களில் நடக்கும்போது, இடிக்கக் குறித்திருந்த வீட்டின் தாழ்வாரத்தில் யாரோ ஊஞ்சலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு சிற்றூர் தன் வீடுகளை இப்படி மீட்டெடுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பழைய வீடு வாங்கலாமா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

வாங்கலாம். பொறுமையும் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தால் மட்டும்.

வீடு பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு போட்டுக்கொள்ளுங்கள். கூடத்தின் நடுவில் வைத்து விடுங்கள். மெல்ல உருண்டால் பரவாயில்லை, நூறு வருட வீடு கொஞ்சம் சாயத்தான் செய்யும். கூடத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கியே உருண்டால், அடியில் தாங்கும் உத்திரம் உளுத்திருக்கலாம்.

இங்கே பல வீடுகள் தரையோடு ஒட்டி நிற்பதில்லை. செங்கல் கால்கள் மேல் நிற்கும். வீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகும் அளவு இடம் இருக்கும். வீட்டின் உண்மை எல்லாம் அங்கேதான். எங்கள் வீட்டைச் சோதித்தவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அதற்குள் போனார். முக்கால் மணி நேரம் கழித்து முழங்கையெல்லாம் சேறாக வெளியே வந்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினார். மரத்தூள் போல இருந்தது. கரையான் தின்ற உத்திரத்தின் மிச்சம். அந்த ஒரு பிடித் தூள் விலையில் சில ஆயிரம் டாலரைக் குறைத்துக் கொடுத்தது. சோதிப்பவர் கீழே இறங்கவில்லை என்றால் வேறொருவரைக் கூப்பிடுங்கள். கரையான் சோதனைக்குத் தனியாகப் பணம் கட்டுங்கள், தயங்காதீர்கள்.

நிலவறையில் புதிதாக வெள்ளையடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் சுவரெல்லாம் பளபளவென்று இருந்தது. அங்கிருந்த பழைய மர அலமாரியின் கால்கள் மட்டும் ஓரடி உயரத்துக்குக் கறுத்திருந்தன. தண்ணீர் எதுவரை நின்றது என்பதை அலமாரிதான் சொல்லிற்று. விற்பவர் தர வேண்டிய விவரப் படிவத்தில் தண்ணீர்க் கசிவு பற்றிய கேள்வி உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படியுங்கள்.

1978க்கு முன் கட்டிய வீட்டில் ஈயம் கலந்த வண்ணம் இருக்கலாம். விற்பவருக்கு அதுபற்றித் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் சட்டம். தவழும் குழந்தை இருக்கும் குடும்பம் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. உரியும் ஜன்னல் சட்டத்தில்தான் ஆபத்து அதிகம்.

அந்த ஜன்னல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்துக்குள் மறைவாகக் கயிற்றில் கட்டிய இரும்பு எடை தொங்கும். அதன் பலத்தில் கண்ணாடிக் கதவு ஒரு விரலால் மேலே போகும். கயிறு அறுந்திருந்தால் ஜன்னல் திறக்காது. உடனே பிளாஸ்டிக் ஜன்னல் மாற்றச் சொல்வார்கள். வேண்டாம். கயிறு சில டாலர்தான், ஒரு சனிக்கிழமை போதும்.

வீட்டின் வெளித்தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றலாமா?

பாரம்பரியப் பகுதிகளில் முடியாது. அதற்கென்று உள்ள நகராட்சிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வாங்கும் முன்பே திட்ட அலுவலகத்தில் முகவரியைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். உள்ளே சமையலறையை எப்படி மாற்றினாலும் அந்தக் குழு கேட்காது.

நிலநடுக்கம், சூறாவளி?

இரண்டும் உண்டு. 1811-12இல் அதிர்ந்த நியூ மாட்ரிட் நிலநடுக்கப் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக் காப்பீட்டில் நிலநடுக்கம் சேராது, கூடுதலாக எடுக்க வேண்டும். நம் கையிலிருந்து முதலில் கட்ட வேண்டிய பங்கு வீட்டு மதிப்பின் சதவீதமாக இருக்கும், அதைக் கவனியுங்கள். பழைய செங்கல் புகைபோக்கிகள்தான் முதலில் விழும்.

2021 டிசம்பர் 10 இரவு தெற்கே சுமார் 25 மைல் தூரத்தில் இருக்கும் மேஃபீல்டைச் சூறாவளி தரைமட்டமாக்கியது. அந்த இரவை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. எந்த வீடாக இருந்தாலும் ஜன்னல் இல்லாத உள்ளறை எது என்று முதல் நாளே குடும்பத்தோடு பேசி வையுங்கள்.

2009 ஜனவரி பனிமழையில் மின்கம்பிகள் அறுந்து பல வீடுகள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மரநிழல் தெருவில் வீடு வாங்கினால் மரத்தின் கிளைகள் கம்பி மேல் சாய்ந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பள்ளிக்கூடத்தை வைத்து வீடு பார்க்கலாமா?

பிள்ளைகள் இருந்தால் அப்படித்தான் பார்க்க வேண்டும். இங்கே இரண்டு பள்ளி நிர்வாகங்கள். நகரப் பள்ளிகளின் உயர்நிலைப் பள்ளி பதூகா டில்மன். கவுண்டியில் லோன் ஓக், ரீட்லாண்ட், ஹீத் மூன்றின் உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து 2013இல் மெக்ராக்கன் கவுண்டி உயர்நிலைப் பள்ளியாக்கினார்கள். நகர எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றல்ல. முகவர் சொல்வதை நம்பாமல் பள்ளி அலுவலகத்துக்கே தொலைபேசி போட்டு முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.

மேற்கே ஆலைப் பக்கம் நிலம் மலிவாக இருக்கிறதே?

1952 முதல் 2013 வரை யுரேனியம் செறிவூட்டிய ஆலை அங்கே இருந்தது. ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அதோடு ஏதாவது ஒரு தொடர்பு இருக்கும். 1988இல் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் மாசு இருப்பது தெரிந்தது. அதன்பின் பாதித்த பகுதிகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கே வாங்குவதாக இருந்தால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கிணறு தோண்டத் தடை உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வடபுறமும் தென்புறமும் வேண்டாம் என்கிறார்களே?

இதைக் கேட்கும் ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது: யார் சொன்னார்கள், அங்கே கடைசியாக எப்போது போனார்கள்?

அமெரிக்கா முழுவதும் கறுப்பின மக்கள் வாழும் தெருக்களுக்கு வங்கிகள் கடன் மறுத்த காலம் ஒன்று இருந்தது. கடன் இல்லாத தெருவில் கூரை மாற்ற முடியாது. கூரை மாற்றாத வீட்டைப் பார்த்து, இங்கே வாங்காதே என்பார்கள். அப்பர் டவுனில் 1909இல் மேகி ஸ்டீட் என்ற கறுப்பினப் பெண் ஹோட்டல் மெட்ரோபாலிடனைக் கட்டினார். மற்ற விடுதிகள் கதவைச் சாத்திய நாட்களில் ஜாஸ் இசைக் கலைஞர்கள் லூயி ஆம்ஸ்ட்ராங்கும் டியூக் எலிங்டனும் தங்கியது அந்த வீட்டில்தான். இன்று அது அருங்காட்சியகம். ஒரு முறை உள்ளே போய்ப் பாருங்கள்.

பகலிலும் இரவிலும் தெருவில் நடந்து பாருங்கள். எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் இருப்பவரிடம் பேசுங்கள். தெருவுக்குத் தெரு இங்கே மாறும். ஒரு பகுதி முழுவதையும் ஒரே சொல்லால் ஒதுக்குவது நியாயமும் இல்லை, வீடு தேடுகிறவருக்கு லாபமும் இல்லை.

முதலில் வாடகைக்கு இருக்கலாமா?

ஒரு வருடமாவது இருங்கள். கென்டக்கிச் சட்டப்படி வீட்டுக்காரர் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். பணம் வாங்கும் முன்பே வீட்டில் என்னென்ன சேதம் இருக்கிறது என்ற பட்டியலையும் கொடுக்க வேண்டும். பட்டியல் தராமல் விட்ட ஒருவரிடம் நாங்கள் முன்பணத்தில் பாதியை விட்டுவிட்டு வந்தோம், அப்போது இந்தச் சட்டம் தெரியாது. நீங்கள் கேட்டு வாங்குங்கள், சாவி வாங்கும் அன்றே எல்லா அறையையும் படம் எடுங்கள்.

மின்கட்டணத்தையும் விசாரியுங்கள். நகருக்குள் நகராட்சி மின்வாரியம், வெளியே கூட்டுறவு. முந்தைய குடித்தனக்காரரின் ஜூலை, ஜனவரி பில்களைப் பார்த்தால் வீட்டின் சுவர் எப்படிப்பட்டது என்பதும் தெரிந்துவிடும்.

இரவில் சத்தம் இருக்குமா?

ரயில் ஊதும். ஆற்றோரம் இழுவைப் படகுகளின் இயந்திர முழக்கம் தாழ்வாகக் கேட்கும். சில வாரங்களில் பழகிவிடும். அதன்பின் வெளியூர் போனால் தூக்கம் வராது.

கோயில், மளிகை?

கோயிலுக்கு நாஷ்வில் விநாயகர்தான், காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். போகிறவர் எல்லோருக்கும் சேர்த்துப் புழுங்கலரிசியும் துவரம்பருப்பும் வாங்கி வருவது இங்கே வழக்கம்.

வீடு பார்க்க எந்த மாதம் வரலாம்?

ஏப்ரல் கடைசியில் வராதீர்கள். துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் மெத்தை விரிப்பு (குவில்ட்) கலை விழாவுக்கு நாடெங்கும் இருந்து பல்லாயிரம் பேர் கூடும் வாரம் அது. ஐம்பது மைலுக்கு அறை கிடைக்காது.

பிப்ரவரி கடைசி அல்லது மார்ச் நல்லது. மரத்தில் இலை இருக்காது, கூரை தெரியும். ஆறு உயர்ந்திருக்கும், சுவரின் அருமை தெரியும். இரண்டு நாள் மழை விட்ட காலையில், ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, வாங்க நினைக்கும் வீட்டின் கொல்லைப்புறத்தில் போய் நில்லுங்கள். கால் புதைகிறதா என்று பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.